ஓம் விதியும் ஒரு செம்புக் குழாயும்

மெக்கானிக்கல் டியூப் மாட் என்ற கருவியைக் கழற்றி மேசைமேல் பரப்பினால் பார்ப்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். இரண்டு முனையும் திறந்த ஒரு உலோகக் குழாய், அடியில் திருகிப் பொருத்தும் ஒரு பொத்தான், தலையில் ஒரு மூடி, உள்ளே வழுக்கிக்கொண்டு இறங்கும் ஒரு பேட்டரி. அவ்வளவுதான். சர்க்யூட் போர்டு இல்லை, சிப் இல்லை, திரை இல்லை. ஒரு ஒயர்கூட இல்லை. குழாயின் சுவர்தான் ஒயர். மேலே அட்டமைசர் என்ற சிறு கிண்ணத்தைத் திருகுகிறார்கள். அதற்குள் ஒரு கம்பிச்சுருளும், நீர்மத்தில் ஊறிய பஞ்சும் இருக்கும். பொத்தானை அழுத்தினால் கம்பி பழுக்கிறது, நீர்மம் புகைமண்டலமாக எழுகிறது. விரலை எடுத்தால் நிற்கிறது.

இ-சிகரெட் உலகில் இதைவிட எளிய கருவி கிடையாது. இதைவிடக் கடுமையான கருவியும் கிடையாது. சாதாரண மின்சிகரெட்டில் ஒரு சிறு சிப் காவலுக்கு உட்கார்ந்திருக்கும். கம்பி ஷார்ட் ஆனால் மின்சாரத்தை வெட்டும், பேட்டரி தீர்ந்துபோனால் நிறுத்தும், பொத்தான் பத்து விநாடிக்கு மேல் அழுந்திக் கிடந்தால் தானே அணைக்கும். குழாய் மாடில் அந்தக் காவலாளியே கிடையாது. காவல் காப்பதெல்லாம் பிடித்திருப்பவரின் வேலை.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பிலிப்பைன்ஸிலும் இந்தக் குழாய்களைச் சேகரிக்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். புதிதாக ஒன்று வாங்க நினைப்பவர் அவர்களிடம் போனால் பேச்சு பெரும்பாலும் உலோகத்தில்தான் தொடங்கும்: செம்பா, பித்தளையா, எவர்சில்வரா? பிறகு வேலைப்பாடு, கனம், கையில் உட்காரும் விதம். இயற்பியலின் கணக்கு வேறு மாதிரி. அந்தக் கணக்கில் உலோகம் கடைசி வரிசையில்தான் வருகிறது. ஏன் என்று பார்ப்பதற்கு முன், இப்படி ஒரு பொருள் எங்கிருந்து முளைத்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட், புகையும் புகையிலையும் இல்லாத சிகரெட் ஒன்றுக்கு 1963இல் விண்ணப்பித்து 1965இல் காப்புரிமை பெற்றார். அது கடைக்கு வரவில்லை. சந்தையைப் பிடித்தது சீன மருந்தாளுநர் ஹான் லிக் 2003இல் உருவாக்கிய கருவி. ஆரம்பகால மின்சிகரெட்டுகள் நிஜ சிகரெட்டின் அளவிலேயே இருந்ததால் பேட்டரியும் பென்சில் கனத்துக்கு மேல் போக முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். 2008இல் பிரிட்டனைச் சேர்ந்த டெட் ரோஜர்ஸ், மேட் ரோஜர்ஸ் இருவரும் டார்ச் லைட்டின் உடலை எடுத்து, அதற்குள் பெரிய பேட்டரியைப் போட்டு, ‘ஸ்க்ரூடிரைவர்’ என்ற கருவியைச் செய்தார்கள். கடைப்பொருளை வீட்டில் மாற்றியமைப்பதை மாடிஃபிகேஷன் என்பார்கள். அதன் தலைப்பாகம் ‘மாட்’ ஆகி நிலைத்துவிட்டது. டார்ச்சின் வம்சாவளி என்பதால்தான் இன்றும் அது குழாய் வடிவத்தில் இருக்கிறது.

இனி கணக்குக்கு வரலாம். ஜெர்மனியின் கியோர்க் சீமோன் ஓம் 1827இல் நூலாக வெளியிட்ட விதியைப் பத்தாம் வகுப்பில் படிக்காதவர்கள் நம்மில் குறைவு. மின்னோட்டம் என்பது மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் கிடைப்பது. பரீட்சை முடிந்ததும் பெரும்பாலோர் மறந்துவிடும் இந்த ஒற்றை வரிதான் குழாய் மாடின் முழு இயக்க விதி. நடுவில் எந்தச் சிப்பும் குறுக்கிடாததால், புத்தகத்தில் உள்ளது உள்ளபடி கையில் நடக்கிறது.

முழுதாகச் சார்ஜ் ஆன ஒரு லித்தியம் அயனி செல் 4.2 வோல்ட் காட்டும். கம்பிச்சுருளின் தடை 0.5 ஓம் என்றால் ஓடும் மின்னோட்டம் 8.4 ஆம்பியர், பிறக்கும் சூடு சுமார் 35 வாட். தடையை 0.2 ஓமுக்குக் குறைத்தால் 21 ஆம்பியர், 88 வாட். 0.15 ஓம் என்றால் 28 ஆம்பியர், ஏறத்தாழ 118 வாட். 0.1 ஓமில் 42 ஆம்பியர். கவனிக்க வேண்டியது இறங்குமுகத்தின் செங்குத்து. 0.5இலிருந்து 0.4க்குப் போகும்போது கூடுவது 2.1 ஆம்பியர்தான், 0.2இலிருந்து 0.1க்குப் போகும்போது கூடுவது 21 ஆம்பியர். மாறிய தடை இரண்டு இடத்திலும் ஒன்றேதான். கம்பியில் ஒரு சுற்று குறைவதும், இரண்டு சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதும் அந்த அடிமட்டத்தில் பெரிய விஷயமாகிவிடுவது இதனால்தான். பெரிய மேகம் வேண்டும் என்று போட்டி போடுகிறவர்கள் விளையாடும் இடமும் துல்லியமாக அதே அடிமட்டம்.

கம்பியும் நமக்கு அந்நியமானதல்ல. தோசைக்கல் வைக்கும் பழைய மின்னடுப்பில் சிவந்து கிடக்கும் நைக்ரோம் சுருள்தான் அது. நிக்கலும் குரோமியமும் கலந்தது. இன்னொரு வகை கான்தல், இரும்பும் குரோமியமும் அலுமினியமும் சேர்ந்த ஸ்வீடன் கலவை. அரை மில்லிமீட்டர் கனமுள்ள கான்தல் கம்பியில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 7 ஓம் தடை இருக்கும். ஆகவே 7 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் 0.5 ஓம். அதே அளவில் இரண்டு சுருள்களை அட்டமைசரில் அருகருகே பொருத்தினால் தடை கூடும் என்று நினைப்பது புதியவர்களின் வழக்கம். அவை இணைச்சுற்றில் இருப்பதால் தடை பாதியாகிறது, பேட்டரி தரவேண்டிய மின்னோட்டம் இரட்டிப்பாகிறது.

குழாய் மாடில் வாட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இல்லை என்பதால் இன்னொரு விளைவும் உண்டு. பேட்டரி இறங்க இறங்கப் புகையும் இறங்கும். 4.2 வோல்ட் 3.2 ஆகக் குறையும்போது மின்னழுத்தம் முக்கால் பங்காகத்தான் குறைந்திருக்கும். ஆனால் சூடு அதன் இருமடி விகிதத்தில் போவதால் 35 வாட் 20 வாட்டாகிவிடும். பழகியவர்கள் இந்த மந்தத்தையே அளவுகோலாக வைத்துச் செல்லை மாற்றுகிறார்கள். மந்தம் தெரிந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருப்பவர் செல்லை 2.5 வோல்ட்டுக்கும் வெகு கீழே தள்ளினால், உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கலாம். அந்தச் செல்லை மறுபடி சார்ஜ் செய்வது வம்பை விலை கொடுத்து வாங்குவது.

ஆக, குழாயைத் தேடிப் போகிறவர் உண்மையில் முதலில் தேர்ந்தெடுப்பது செல்லைத்தான். பெரும்பாலான குழாய்களுக்குள் போவது 18650 என்ற வகை. எண்ணிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65. ஒரு காலத்தில் மடிக்கணினிப் பேட்டரிகளுக்குள் வரிசையாக அடுக்கியிருந்தது இதுதான். கொஞ்சம் பருத்த 21700 பின்னர் வந்தது. இவற்றின் உறைமேல் இரண்டு எண்களைத் தேட வேண்டும். ஒன்று கொள்ளளவு, மில்லி ஆம்பியர் மணியில். மற்றது, செல் சூடேறிச் சீரழியாமல் தொடர்ந்து தரக்கூடிய மின்னோட்டம், ஆம்பியரில். முதல் எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதிகம். குழாய் மாடுக்கு உயிர்நாடி இரண்டாவது எண். சாம்சங்கின் 25ஆர் என்ற செல்லின் கொள்ளளவு 2500, தொடர் மின்னோட்டம் 20 ஆம்பியர். அதே அளவுக் கூட்டுக்குள் கொள்ளளவை 3500க்கு உயர்த்தும் செல்கள் பொதுவாக 10 ஆம்பியர் அளவிலேயே மூச்சு வாங்கும். உள்ளே இடம் ஒன்றுதான். வேதிப்பொருளைக் கனமாகப் பூசினால் சேமிப்பு கூடும், ஓட்டம் குறையும்.

இதை மேலே உள்ள கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் முடிவு தானே வரும். 20 ஆம்பியர் செல்லை வைத்துக்கொண்டு 0.2 ஓம் சுருளைக் கட்டினால் பொத்தானை அழுத்திய முதல் நொடியிலேயே எல்லை தாண்டியாயிற்று. 0.5 ஓம் என்றால் பாதிக்கும் கீழே நிம்மதியாக ஓடும். சில நிறுவனங்கள் யாரோ செய்த செல்லுக்குத் தங்கள் பெயரில் பளபளப்பான உறை மாட்டி, 35 ஆம்பியர், 40 ஆம்பியர் என்று அச்சடித்து விற்பதுண்டு. 18650 அளவில் நாற்பது ஆம்பியரைத் தொடர்ந்து தரும் செல் என்று யாராவது சொன்னால் நம்பாமல் இருப்பதே நல்லது. பெரும்பாலும் அது சில விநாடித் துடிப்புக்கான எண்ணாக இருக்கும், அல்லது வெறும் ஆசையாக இருக்கும்.

ஒரு செல்லுக்குள் எவ்வளவு ஆற்றல்? 2.5 ஆம்பியர் மணி, சராசரி 3.6 வோல்ட், பெருக்கினால் 9 வாட் மணி, அதாவது 32,400 ஜூல். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவரைத் தரையிலிருந்து தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்குத் தூக்கிவைக்கத் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ இதுதான். விரல் அளவுப் பொருளில் அது அடங்கிக் கிடக்கிறது. மெதுவாக வெளியே விட்டால் வேலை, ஒரே மூச்சில் விட்டால் வெடி.

ஸ்க்ரூடிரைவர் வந்த அதே 2008இல் டெஸ்லா நிறுவனம் தன் முதல் காரான ரோட்ஸ்டரை விற்கத் தொடங்கியது. அந்தக் காரின் பேட்டரியில் இருந்ததும் இதே 18650 செல்கள்தான், 6,831 எண்ணிக்கையில். ஆனால் அங்கே ஒவ்வொரு செல்லின் இரு முனைகளுக்கும் தனித்தனி ஃபியூஸ் இருந்தது. செல்களுக்கு இடையே குளிர்நீர்க் குழாய்கள் ஓடின. வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் கணினி ஓயாமல் கவனித்தது. தூர நின்று ஓடும் காருக்கு இத்தனை பந்தோபஸ்து. உதட்டுக்கு ஒரு சாண் தள்ளி நிற்கும் குழாயில் ஒரு ஃபியூஸ்கூட இல்லை.

செல் செய்யும் நிறுவனங்கள் இதைப் பற்றி மௌனமாகவும் இல்லை. 18650 என்பது பாதுகாப்புச் சுற்றோடு கூடிய தொகுப்பின் உறுப்பாக இருக்கவே வடிவமைக்கப்பட்டது, தனிச் செல்லாக நுகர்வோர் கையில் போகக்கூடாது என்று அவை திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் அதையே பொது எச்சரிக்கையாக வெளியிட்டது. ஆர்வலர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பதும் உண்மை.

செம்பின் பெருமையை இப்போது உரசிப் பார்க்கலாம். ‘செம்புக் குழாய் என்றால் மின்சாரம் தங்குதடையின்றி ஓடும், எவர்சில்வர் என்றால் சோர்ந்துவிடும்’ என்பது இந்த வட்டாரத்தில் ஏறக்குறைய வேதவாக்கு. மின்கடத்தும் திறனில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்பது சரிதான். எவர்சில்வரின் மின்தடைத்திறன் செம்பைவிட நாற்பது மடங்கு அதிகம். ஆனால் ஒரு குழாயின் தடை அதன் நீளத்தையும் சுவரின் பருமனையும் பொறுத்தது. 24 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 20 மில்லிமீட்டர் உள்விட்டம், 8 சென்டிமீட்டர் நீளம் கொண்ட ஒரு குழாயை எடுத்துக்கொண்டால், எவர்சில்வரில் அதன் தடை சுமார் 0.4 மில்லி ஓம். செம்பில் 0.01 மில்லி ஓம். நாற்பது மடங்கு என்பது உண்மை. ஆனால் நாற்பதில் ஒரு பங்கும் பூஜ்யத்துக்குப் பக்கம், நாற்பதும் பூஜ்யத்துக்குப் பக்கம். 0.5 ஓம் சுருளோடு எட்டு ஆம்பியர் ஓடும்போது எவர்சில்வர் குழாய் விழுங்குவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் மூன்று பங்கு. எந்த நாக்கும் எந்த நுரையீரலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அப்படியானால் மின்னழுத்தம் எங்கே தொலைகிறது? முதல் திருடன் செல்தான். நல்ல செல்லுக்குள்ளேயே 15 முதல் 20 மில்லி ஓம் வரை உள்தடை இருக்கும். எவர்சில்வர் குழாயைப் போல நாற்பது, ஐம்பது மடங்கு. 0.15 ஓம் சுருளைக் கட்டி, 20 மில்லி ஓம் உள்தடையுள்ள செல்லை அழுத்தினால் ஓட்டம் 25 ஆம்பியரை நெருங்கும். அதில் அரை வோல்ட் செல்லுக்குள்ளேயே போய்விடும். அந்த அரை வோல்ட் மாயமாய் மறைவதில்லை. செல்லின் வயிற்றுக்குள் 12 வாட் சூடாகிறது. 0.5 ஓம் சுருளில் அது ஒன்றேகால் வாட்தான்.

இரண்டாவது திருடன் தொடர்புமுனைகள். பொத்தானின் முள் செல்லைத் தொடும் இடம், மூடியின் மரையும் குழாயின் மரையும் சேரும் இடம், அட்டமைசரின் நடு முள். இங்கே கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு, கொஞ்சம் களிம்பு, தளர்வான ஒரு திருகு போதும். பல மில்லி ஓம் ஏறிவிடும். செம்பு சீக்கிரம் களிம்பேறுகிறது. துடைக்காமல் வைத்திருக்கும் செம்புக் குழாயைவிட மரைகளைச் சுத்தமாக வைத்திருக்கும் எவர்சில்வர் குழாய் நன்றாகவே வேலை செய்யும். முனைகளுக்கு வெள்ளி முலாம் பூசுவதில் அர்த்தம் இருக்கிறது. குழாய் முழுவதையும் செம்பில் வார்க்கச் செலவழிப்பது கண்ணுக்காக.

செம்புக்கு ஒரே ஒரு நியாயம் சொல்லலாம், அதை அதன் ரசிகர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. வெப்பத்தைக் கடத்துவதில் அது எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கு மேல் வேகம். செல் சூடானால் செம்புக் குழாய் சீக்கிரமே உள்ளங்கைக்குச் சொல்லிவிடும். எச்சரிக்கை மணி எதுவும் இல்லாத கருவியில் அது சிறிய விஷயமல்ல. அலுமினியமும் இதில் பரவாயில்லை. எடையும் செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அதன் மரைகள் தேயும், வண்ணப்பூச்சாக ஏற்றும் ஆக்சைடு படலம் மின்சாரத்தைத் தடுக்கும்.

சரி, உலோகத்தை ஒதுக்கிவிட்டால் குழாயில் பார்க்க என்ன மிச்சம்? நிறைய இருக்கிறது. எல்லாம் கண்ணில் எளிதில் படாத இடங்கள்.

பொத்தான் அடியில் இருக்கும் குழாயை மேசைமேல் நிமிர்த்தி வைத்தால் அதன் எடையே பொத்தானை அழுத்திவிடக்கூடும். கால்சட்டைப் பையில் போட்டு உட்கார்ந்தாலும் அதே கதை. எனவே பொத்தான் விளிம்புக்கு உள்ளே குழிந்து அமர்ந்திருக்க வேண்டும், அல்லது சுழற்றிப் பூட்டும் வளையம் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் உத்தமம். பொத்தானை மேலே தள்ளுவது ஸ்பிரிங்கா காந்தமா என்பது அடுத்த கேள்வி. காந்தம் வழுக்கலாக இயங்கும், ஆனால் அதிகச் சூட்டில் வலு இழக்கும். பழைய வடிவமைப்புகள் சிலவற்றில் ஸ்பிரிங்கையே காவலாளியாக்கினார்கள்: ஷார்ட் ஆகி மின்னோட்டம் எகிறினால் ஸ்பிரிங் பழுத்துத் துவண்டு சரிந்துவிடும், தொடர்பு அறுந்துவிடும். ஃபியூஸின் ஏழைச் சகோதரன் என்று சொல்லலாம்.

பிறகு மேல்மூடி. அட்டமைசரைத் திருகும் மரைக்கு 510 என்று பெயர். ஆரம்பகால மின்சிகரெட் மாடல் ஒன்றின் எண் அப்படியே பெயராகிவிட்டது. ஏழு மில்லிமீட்டர் விட்டம், அரை மில்லிமீட்டர் இடைவெளியுள்ள மரை. சாதாரண குழாயில் மூடிக்குள் தனியாக ஒரு முள் இருந்து, செல்லையும் அட்டமைசரையும் இணைக்கும். ‘ஹைப்ரிட்’ என்ற வகையில் அந்த இடைத்தரகர் இல்லை. அட்டமைசரின் நடு முள் நேராகச் செல்லின் தலையில் போய் உட்காரும். ஒரு தொடர்புமுனை குறைவதால் மின்னிழப்பு குறையும் என்பது வாதம். வாதம் சரி, விலை அதிகம்.

ஏனென்றால் அட்டமைசரின் மரை எதிர்முனை, அதன் நடு முள் நேர்முனை. நடு முள் மரையின் விளிம்பைத் தாண்டி நன்றாக நீட்டிக்கொண்டிருந்தால் செல்லை அது மட்டும் தொடும். நீட்டம் இல்லாவிட்டால் மரையின் விளிம்பே செல்லின் தலையில் பதியும். நேர்முனையும் எதிர்முனையும் சுருளைச் சந்திக்காமலே கைகோத்துக்கொள்ளும். செல்லின் உள்தடை ஒன்றுதான் அப்போது மிச்சமிருக்கும் தடை. நூறு ஆம்பியருக்கு மேல் பாயும். கடையில் விற்கும் பல அட்டமைசர்களின் நடு முள் நீட்டிக்கொண்டிருக்காது, அல்லது ஸ்பிரிங் வைத்து உள்ளே அமுங்கும். அவற்றை ஹைப்ரிட் குழாயில் பொருத்தவே கூடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே புதியவர் ஒருவர் ஹைப்ரிட் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருப்பது நல்லது.

செல்லின் பிளாஸ்டிக் உறையும் இதே கதையின் ஒரு பகுதி. 18650இன் உலோகக் கூடு முழுவதும், தோள் வரைக்கும், எதிர்முனை. நடுவில் உள்ள சிறு பொத்தான் மட்டும் நேர்முனை. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு காகித வளையமும் தோல்போன்ற உறையும். உறை கிழிந்த செல்லைக் குழாய்க்குள் தலைகீழாகப் போட்டால் குழாயே ஷார்ட் கம்பியாகிவிடும். மாற்று உறைகள் அற்ப விலைக்குக் கிடைக்கின்றன. கிழிசலை டேப் ஒட்டிச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாம் தவறிப்போனால் நடப்பது என்ன? செல்லுக்குள் 90 டிகிரி செல்சியஸ் அளவில் எதிர்முனையின் மேலுள்ள காப்புப் படலம் சிதையத் தொடங்கி, சூடு தானாகவே பெருகும். 130 டிகிரி வாக்கில், இரு முனைகளையும் பிரித்து வைத்திருக்கும் பாலிஎத்திலீன் சவ்வு உருகும். 200 டிகிரியை ஒட்டி நேர்முனைப் பொருள் ஆக்சிஜனைக் கக்கத் தொடங்கும். மின்பகுபொருளாக உள்ளே இருப்பது பெட்ரோலைப் போல எரியக்கூடிய கரைப்பான். எரிபொருளும் ஆக்சிஜனும் நெருப்பும் ஒரே கூட்டுக்குள் கிடைத்துவிடுவதால் வெளிக்காற்றே தேவையில்லை. இந்தச் சங்கிலியை வெப்ப ஓட்டம் என்கிறார்கள். அழுத்தம் ஏறினால் செல்லின் தலையிலுள்ள வாய் கிழிந்து வாயு பீறிடும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். வெளியே திறந்த இடம் இருந்தால் சீறிவிட்டு அடங்கும். இறுக மூடிய தடித்த உலோகக் குழாய்க்குள் சீறினால் குழாய்க்குப் பெயர் வேறு.

குழாயில் வாயு வெளியேறும் துளைகள் இருக்கின்றனவா, எத்தனை, எவ்வளவு அகலம், எந்த இடத்தில் என்பதுதான் ஒருவர் முதலில் பார்க்க வேண்டிய அம்சம். மேலும் கீழும் இருந்தால் நல்லது. செல்லை எந்தப் பக்கம் போட்டாலும் அதன் வாய்க்கு நேரே ஒரு வழி இருக்கும். அழகைக் கெடுக்கும் என்று ஊசித் துளை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும் வடிவமைப்பாளர்கள் உண்டு. அந்தக் குழாயில் எவ்வளவு சித்திரம் செதுக்கியிருந்தாலும் கீழே வைத்துவிடலாம்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 இறுதி வரை ஊடகங்களில் வந்த மின்சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்களைத் தொகுத்து 2017இல் அறிக்கை வெளியிட்டது. மொத்தம் 195 சம்பவங்கள். 133 பேருக்குக் காயம், அதில் 38 பேருக்குக் கடுமையான காயம். உயிரிழப்பு அப்போது இல்லை. உருளை வடிவம்தான் பிரச்சினையின் மையம் என்று அந்த நிர்வாகம் முன்னரே சுட்டியிருந்தது: பேட்டரி பழுதானால் பலவீனமான முனை பிய்த்துக்கொண்டு, கருவி ராக்கெட்டைப் போலப் பாய்கிறது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த ‘உயிரிழப்பு இல்லை’ என்ற வரி காலாவதியானது. 2018 மே மாதம் ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 38 வயது மனிதர் ஒருவர், கருவியின் துண்டு தலைக்குள் பாய்ந்து இறந்தார். 2019 ஜனவரியில் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் 24 வயது இளைஞர் ஒருவரின் கழுத்துத் தமனியைத் துண்டு அறுத்தது. இரண்டு நாளில் அவரும் இறந்தார். இரண்டு இடத்திலும் மெக்கானிக்கல் வகைக் கருவி என்றே செய்திகள் குறிப்பிட்டன.

சியாட்டில் மருத்துவர்கள் 2016இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் பதினைந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். தீக்காயம் எதிர்பார்த்ததுதான். மூன்றில் ஒரு பங்கினருக்கு இரசாயனக் காயமும் இருந்தது; செல்லிலிருந்து கசிந்த காரம் தோலை அரித்திருந்தது. வழக்கமான தீக்காயம் என்று நினைத்துச் சிகிச்சை செய்தால் காரம் உள்ளே வேலையைத் தொடரும். இத்தகைய காயத்தில் முதலில் அமில-காரத் தன்மையைச் சோதியுங்கள் என்று தீக்காயப் பிரிவுகளில் இப்போது சொல்கிறார்கள்.

இரண்டு செல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் நீளக் குழாய்களும் விற்பனையில் உண்டு. 8.4 வோல்ட், 0.3 ஓமில் 28 ஆம்பியர், 235 வாட். ஒரு செல் மற்றதைவிட முந்தித் தீர்ந்தால், தெம்பாக இருப்பது சோர்ந்ததைத் தலைகீழாகச் சார்ஜ் செய்யத் தொடங்கும். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நுரையீரலுக்கு என்ன ஆகிறது என்பது வேறு அத்தியாயத்துக்கு உரியது. ஆனால் குழாய் மாடுக்கே உரிய ஒரு தொல்லையை இங்கே குறித்தாக வேண்டும். வெப்பநிலையை அளக்கும் எதுவும் இதில் இல்லை. பஞ்சு காய்ந்துபோனாலும் கம்பி பழுத்துக்கொண்டே இருக்கும். நீர்மத்தின் கிளிசரின் சிதைந்து அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் பிறக்கும். போர்ட்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஒரு மின்சிகரெட்டைச் சோதித்தபோது, 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் அகப்படவில்லை, 5 வோல்ட்டில் ஏராளமாக அகப்பட்டன. அவ்வளவு சூட்டில் வரும் கருகல் சுவையை எந்த மனிதரும் இழுக்க மாட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. சூடு ஏற ஏறச் சிதைவு கூடும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடில்லை.

இந்திய வாசகருக்கு இந்தத் தேர்வே இல்லை. தமிழ்நாடு 2018இலேயே மின்சிகரெட்டுகளைத் தடை செய்தது. 2019இல் நாடு முழுவதும் சட்டம் வந்தது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முழுக் கருவியாக இருந்தாலும் பாகமாக இருந்தாலும் ஒன்றே என்று சட்டம் சொல்வதால், வெறும் குழாய்தானே என்று கொண்டுவருவதும் பலிக்காது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் கையில் வைத்திருப்பதே குற்றம்; அங்கே போகும் தமிழர்கள் பலர் இதை விமான நிலையத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஆனால் 18650 செல்லுக்குத் தடை இல்லை. சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் அது டார்ச்சுக்கும் பவர் பேங்க்குக்கும் சின்ன மின்விசிறிக்கும் என்று தாராளமாகக் கிடைக்கிறது. உறைமேல் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று கொட்டை எழுத்தில் போட்ட செல்களும் அங்கே உண்டு. இன்றைய வேதியியலில் இந்த அளவுக் கூட்டுக்குள் நேர்மையாக அடைக்க முடிவது 3500 அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே. வாங்கும்போது நகைக்கடைத் தராசு போன்ற சின்னத் தராசு ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். நல்ல 18650 செல் 45 கிராமுக்கு இரண்டு மூன்று கிராம் இப்படி அப்படி நிற்கும். முப்பது கிராம் காட்டினால் கூட்டுக்குள் பாதி வெற்றிடம் அல்லது ஒரு குட்டிச் செல் உட்கார்ந்திருக்கிறது.